சமயவாதத்திற் பெயரும் சொல்லும்: விருதுநகர் வட்டாரம் தரும் சான்று

தமிழகத்தில் நிகழ்ந்த சமயவாதங்களை ஆராய்வோர், வென்றவர் யார், தோற்றவர் யார் என்பதனையே பெரிதும் நோக்குவர். வாதிடுவோர் மாற்றாரை எப்பெயரால் அழைத்தனர், அவர்தம் கொள்கையை எச்சொல்லால் எடுத்துரைத்தனர் என்பதும் அதனோடொப்ப ஆராயத்தக்கது. சமயம் பற்றிய உரையாடல் சிறப்பதும் சீர்குலைவதும் பெரும்பாலும் இவ்விரண்டினாலேயே என்பது எம் கருத்து. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாதலை ஈண்டுக் காட்டுவோம்.

முதற்கண் மரபு யாது எனக் காண்போம். நன்னூலார் வகுத்த எழுவகை மதங்களுள் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுரைத்துப் பின்னர்க் களைவது. மறுக்கப் புகுவோன் மாற்றான் கருத்தை அவன் கூறுமாறே அறிந்திருத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரத்துச் சமயவாதியர் தத்தம் கொள்கையைத் தத்தம் வாயாலேயே உரைக்கின்றனர். மணிமேகலை பொறுமையுடன் கேட்கின்றாள். பூதவாதியிடத்தே எதிருரை பகர்கின்றாள். 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியார் பரபக்கத்தில் ஒவ்வொரு மதத்தையும் முன்னர்க் கூறிப் பின்னரே மறுதலையை அமைத்தார்.

இதுகொண்டு முன்னோர் யாவரும் இன்சொல்லே வழங்கினர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தேவாரத்துட் சமணரைச் சுட்டும் சொற்களும், நீலகேசியின் எள்ளலும், 19ஆம் நூற்றாண்டின் அருட்பா மருட்பாப் போரில் எழுந்த வசைகளும் நாம் அறிந்தனவே. முறையான வாதமும் மரபில் உண்டு, வசையும் உண்டு. இவற்றுள் எதனைக் கைக்கொள்வது என்பதே ஒவ்வொரு காலத்தார் முன்னும் நிற்கும் வினா.

இனி, தென்பாண்டி நாட்டிற்கு வருவோம். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் தமிழாராய்ச்சிக்கு ஆக்கம் தந்த நூல். அவரே 1849இல் திருநெல்வேலிச் சீமையின் பனைத்தொழிற் சமூகம் பற்றிச் சிறுநூல் ஒன்று எழுதியிருந்தார். அச்சமூகத்தார் தமக்குரியதென ஏற்காத பெயர் அந்நூலின் தலைப்பில் இடம்பெற்றது. அப்பெயர் இவ்வாராய்ச்சிக்கு வேண்டுவதன்று. ஆதலின் அதனை ஈண்டு எழுதாது விடுகின்றோம். அவர்கள் தெய்வம் எனப் போற்றியவற்றைக் கால்டுவெல் பேய் என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லாற் குறித்தார். அவர் அம்மக்கள் நலத்திற்கு உழைத்தவர் என்பதில் ஐயமில்லை. எனினும் வழிபடுவோன் தன் வழிபாட்டைக் குறிக்கும் சொல்லுக்கு அந்நூல் முதன்மை தரவில்லை. அச்சமூகத்தாரிடையே அது கடும் எதிர்ப்பை எழுப்பியது. விருதுபட்டி, சிவகாசி முதலிய ஊர்களில் வணிகத்தால் உயர்ந்தோரையும் அப்பழம்பெயர் விடாது தொடர்ந்தது.

பெயர்ப் பூசல் கோயில் வாயிலையும் எட்டியது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுள் நாடார் சிலர் புகுந்து வழிபட்டனர். அதனாற் கோயில் தீட்டுற்றது என வழக்குத் தொடரப்பெற்றது. பக்தர்கள் ‘வழிபாடு’ என்றதனை வழக்காடியோர் ‘தீட்டு’ என்றனர். ஒரு செயலுக்கு இருதிறத்தார் இட்ட இரு பெயர்களுக்கிடையே வழக்கு நடந்தது. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் நாடார்க்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இதற்கிடையே, அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்துள் அடங்கியிருந்த சிவகாசியிலும் கோயில் நுழைவு பற்றிய பூசல் முற்றி, 1899 ஜூன் 6ஆம் நாள் பெருங்கலகமாயிற்று. உயிர்கள் அழிந்தன, வீடுகள் எரிந்தன. சொல்லொன்றே இதற்குக் காரணம் என்பது மிகையாகும். வணிகம், நிலம், ஊர் முதன்மை ஆகியனவும் காரணங்களே. ஆயினும் இருதிறத்தாரும் ஒருவரையொருவர் ஏற்கும் பெயரால் அழைக்காத இடத்தில் சந்து செய்வார்க்கு வழி அரிதாயிற்று.

விருதுபட்டியார் 1885இல் தொடங்கிய பள்ளிக்குச் சத்திரிய வித்தியாசாலை எனப் பெயரிட்டனர். வணிகர் அளித்த மகமைப் பொருளால் அது வளர்ந்தது. பிறர் தமக்கு இட்ட பெயருக்கு அப்பள்ளியின் பெயரே மறுப்பாக நின்றது. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921ஆம் ஆண்டு மக்கட்கணக்கில் ‘நாடார்’ என்னும் பெயரை அரசு ஏற்றது. 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அழைத்துச் சென்றவருள் நாடார் ஒருவரும் இருந்தார். ஏனையோர் அந்நாளில் ‘அரிசனர்’ எனப்பட்டனர். நல்லெண்ணத்தோடு பிறர் இட்ட அப்பெயரையும் அம்மக்கள் பின்னர் மறுத்தனர். பெயரிடுவோரின் எண்ணம் நன்றாயிருத்தல் மட்டும் போதாது; பெயர் பெறுவோரின் இசைவும் வேண்டும் என்பது இதனாற் புலனாம்.

இவ்வரலாறு நம் துறைக்கும் ஒன்று உணர்த்துகின்றது. நாட்டார் வழிபாட்டை ஆராயும் ஆய்வேடுகள் பல ‘சிறுதெய்வம்’ என்னும் சொல்லை ஆளுகின்றன. அது அப்பர் தேவாரத்தில் வழங்கிய சொல். பிற தெய்வத்தை விலக்கிச் சிவபெருமானையே சார்ந்த அடியார் ஒருவரின் நிலையினின்று பிறந்தது. அவர்க்கு அது பொருந்தும். நடுநின்று ஆராய்வார்க்குப் பொருந்தாது. சாத்தூரையடுத்த இருக்கன்குடி மாரியம்மனை நாடி ஆடி மாதத்தில் திரளும் மக்கள் எவரும் தாம் சிறுதெய்வத்தை வணங்க வந்ததாகக் கூறார். ‘அம்மன்’, ‘குலதெய்வம்’, ‘காவல் தெய்வம்’ என அவர்கள் வழங்கும் சொற்கள் இருக்க, ஒருதிறத்தாரின் மதிப்பீட்டை ஆராய்ச்சிக் கலைச்சொல்லாகக் கொள்ளுதல் கால்டுவெல் சென்ற வழியே செல்லுதலாகும்.

மறுக்க வேண்டியதை மறுத்தல் ஆராய்ச்சியாளர் கடமை. விலங்குப் பலியையோ சாதித் தடையையோ குறை கூற விரும்புவோர் கூறுக. அதற்கு முன், வழிபடுவோர் தாமே கேட்டு ‘ஆம், எம் கொள்கை இதுவே’ என ஏற்குமாறு அவர்தம் நிலையை எடுத்துரைத்தல் வேண்டும். நன்னூலார் வகுத்த முறை அதுவே. களப்பணிக்குச் செல்லும் மாணவர் தம் குறிப்பேட்டில் முதலில் எழுத வேண்டியவை அம்மக்கள் வழங்கும் பெயர்களே ஆகும்.