நீளக் கோலும் நெடுந்தூர ரயிலும்

நெடுந்தூர ரயிலில் கொண்டுபோகும் விளையாட்டுக் கருவிகள் மூன்று வகைப்படும். எடை மிகுந்தவை முதல் வகை: கிரிக்கெட் அணியின் பைகள், பளுதூக்கும் இரும்புத் தட்டுகள், குண்டு எறிவோரின் குண்டுகள் போன்றவை. கழற்றி மாட்டக்கூடியவை இரண்டாம் வகை: பந்தய சைக்கிள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்றாம் வகைக் கருவிகளுக்கு எடை குறைவு, நீளம் அதிகம். அவற்றைக் கழற்றவும் முடியாது, மடக்கவும் முடியாது. ஈட்டியும் அலைச்சறுக்குப் பலகையும் கோலூன்றித் தாண்டும் கோலும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆண்கள் எறியும் ஈட்டி 2.6 முதல் 2.7 மீட்டர் நீளம். பெண்கள் எறிவது 2.2 முதல் 2.3 மீட்டர். தாண்டும் கோலோ 4 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கும் மேல் போகும். முதல் இரண்டு வகைக்கும் ரயிலில் பழகிய வழி உண்டு. மூன்றாம் வகைதான் இன்றும் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

நீளமான பொருளைச் சுமப்பதில் உள்ள சிரமம் சோழமண்டலக் கடற்கரைக்குப் புதிதல்ல. காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவக் கிராமம் பட்டினச்சேரி. இத்தகைய ஊர்களில் நெடுங்காலம் கடலுக்குப் போனது கட்டுமரம். பல மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுவதாலேயே அதற்கு அந்தப் பெயர். கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மேட்டுக்குத் தூக்கிப்போய் உலர்த்துவார்கள். பெரிய பொருளைப் பிரித்தால் நாலு பேர் தோளில் போகும் என்பது அந்தத் தொழிலின் அடிப்படை அறிவு. கட்டுமரத்துக்குப் பின் கண்ணாடியிழைப் படகு வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கிய பிறகு, ஃபைபர் படகுகள் இன்னும் வேகமாகப் பரவின. ஃபைபர் படகு இலகுவானது, விரைவானது. ஆனால் அதை அவிழ்க்க முடியாது. முழுதாகத்தான் இழுத்து ஏற்ற வேண்டும். மூங்கில் கோலிலிருந்து கண்ணாடியிழைக் கோலுக்கு மாறிய தடகளமும் இதுபோன்ற ஒரு பொருள் மாற்றத்தைச் சந்தித்தது.

கார்டு வண்டியின் காலம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. காவிரிக் கழிமுகத்தில் ரயில்பாதை கடற்கரையிலிருந்தே தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும் அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1862-லும் பாதை திறக்கப்பட்டது. அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு 1898-ல் ரயில் வந்தது. பேரளத்திலிருந்து சுமார் 23 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மீட்டர்கேஜ் பாதை பிரெஞ்சு நிர்வாகத்துக்குச் சொந்தமானது. அதில் வண்டி ஓட்டியது பிரிட்டிஷ் இந்தியாவின் தென்னிந்திய ரயில்வே கம்பெனி. இரண்டு ஆட்சிகளின் எல்லையைக் கடக்கும் பாதை என்பதால் மூட்டை முடிச்சுகளுக்குச் சுங்கச் சோதனையும் இருந்தது.

அந்நாளைய ரயிலில் பெரிய சாமானுக்கென்று தனி இடம் இருந்தது. வண்டியின் கடைசியில், கார்டு உட்காரும் பிரேக் வேனில் சாமான் அறை இருக்கும். பயணி தன் பெரிய பொருளைப் பார்சல் ஆபீஸில் எடைபோட்டு, பணம் கட்டி, பெயரும் ஊரும் எழுதிய சீட்டு ஒட்டிக் கொடுத்தால், அவர் போகும் வண்டியிலேயே பொருளும் போகும். இறங்கும் ஊரில் ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். பெரிய விளையாட்டுக் கருவிகளும் இந்த வழியில் போக முடிந்தது.

விளையாட்டு அணிகள் ரயிலேறி ஊர் ஊராகப் போவது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெருகியது. 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதை நிறுவிய ஹாரி குரோ பக், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு மேலாளராக இருந்தார். அந்த அணியில் சென்னையைச் சேர்ந்த தடையோட்ட வீரர் லட்சுமணனும் ஓடினார். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடந்து, ஒரே நாளில் முடிந்தது. மாகாண அணிகள் நாடெங்கும் சென்று ஆடும் வழக்கம் வேரூன்ற ரயில் பெரிதும் உதவியது. 1928-ல் ரயில்வே தனக்கென்று விளையாட்டு வாரியம் அமைத்தது. அதன் பிறகு வீரர்களைச் சுமந்த துறையே வீரர்களுக்கு வேலை கொடுக்கும் துறையாகவும் ஆனது.

மூங்கிலிலிருந்து கண்ணாடியிழைக்கு

கோலூன்றித் தாண்டுதல் 1896-ல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றது. முதலில் கனமான மரக்கோல்கள் பயன்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் இடத்தை மூங்கில் பிடித்தது. அமெரிக்க வீரர் கார்னீலியஸ் வார்மர்டாம் 1942-ல் 4.77 மீட்டர் தாண்டியது மூங்கில் கோலை ஊன்றித்தான். போருக்குப் பின் அலுமினியமும் எஃகும் சில காலம் கோலாயின. 1961-ல் ஜார்ஜ் டேவிஸ் கண்ணாடியிழைக் கோலால் 4.83 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார். வில்லாக வளைந்து வீரரை மேலே எறியும் அந்தக் கோல் வந்த பிறகு உயரங்கள் விறுவிறுவென ஏறின. 2025 செப்டம்பரில் டோக்கியோவில் சுவீடன் வீரர் டுப்ளாண்டிஸ் தாண்டிய உயரம் 6.30 மீட்டர்.

இந்த மாற்றம் பயணத்தையும் மாற்றியது. மூங்கில் இந்தியாவின் எந்த ஊரிலும் கிடைக்கும் பொருள். முறிந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். பயிற்சிக்கு அதுவே போதும். கண்ணாடியிழைக் கோல் அப்படியல்ல. வீரரின் உடல் எடைக்கும் பிடிக்கும் உயரத்துக்கும் ஏற்ப நீளமும் விறைப்பும் கணக்கிட்டுச் செய்யப்படுவது அது. ஒருவர் கோல் இன்னொருவருக்குப் பொருந்தாது. ஒரே வீரருக்குக்கூட ஒரு கோல் போதாது. காற்று, ஓட்ட வேகம், தாண்ட வேண்டிய உயரம் ஆகியவற்றைப் பார்த்துக் கோலை மாற்றிக்கொள்வார். எனவே போட்டிக்குப் போகிறவர் பல கோல்களை ஒரு கட்டாகச் சுமந்து போகிறார். ஒவ்வொன்றும் இறக்குமதிச் சரக்கு; விலை பெரும்பாலான வீரர்களின் குடும்பத்துக்கு எட்டாதது.

கோலின் பரப்பில் விழும் சிறு கீறலும் ஆபத்தானது. வளையும்போது அழுத்தம் முழுவதும் அந்தக் கீறலில் கூடி, கோல் நடுவில் முறிந்து வீரர் விழ நேரும். சாமான் வண்டியில் மூட்டைகளுக்கும் இரும்புப் பெட்டிகளுக்கும் அடியில் கோலைப் போட வீரர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இதுவே. தன் கண்ணெதிரே, பயணிகள் பெட்டியிலேயே கோல் இருக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். ரயில்வே விதியும் வீரரின் தேவையும் மோதுவது இந்த இடத்தில்தான்.

விதி அளப்பது எதை?

ரயில்வேயின் லக்கேஜ் விதி முதலில் எடையைப் பார்க்கிறது. முதல் வகுப்பு ஏ.சி. பயணிக்கு 70 கிலோ, இரண்டடுக்கு ஏ.சி.க்கு 50, மூன்றடுக்கு ஏ.சி.க்கும் படுக்கை வகுப்புக்கும் 40, இரண்டாம் வகுப்புக்கு 35 கிலோ இலவசம். முன்கூட்டிப் பதிவு செய்யும் கூடுதல் எடைக்கு ஒன்றரை மடங்கு கட்டணம். பதிவு செய்யாமல் பிடிபட்டால் ஆறு மடங்கு. அடுத்தபடியாக விதி பெட்டியின் அளவைப் பார்க்கிறது. பயணிகள் பெட்டியில் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் அடங்கும் பெட்டிகளுக்கே அனுமதி. மீறினால் பிரேக் வேனுக்குப் போக வேண்டும்.

டிரங்குப் பெட்டியையும் சூட்கேஸையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது. சிலம்பம் ஆடுபவரின் கம்பு 100 செ.மீ.யைத் தாண்டும். ஆனாலும் ஆள் உயரத்துக்குள் நிற்பதால் படுக்கையின் ஓரத்தில் அடங்கிவிடும், யாரும் கேட்பதில்லை. ஈட்டி சற்றுச் சிரமப்பட்டு உள்ளே வரும். கோலின் எடை சில கிலோதான். நீளமோ அனுமதித்த அளவைப்போல நான்கைந்து மடங்கு. எடையின்படி இலவசம், அளவின்படி தடை. அதனால் கோல் உள்ளே வருமா, வராதா என்பது பெரும்பாலும் அன்றைய டிக்கெட் பரிசோதகரின் முடிவைப் பொறுத்தே அமைகிறது.

விளையாட்டு வீரர்களுக்கு ரயில்வே நெடுங்காலம் சலுகை அளித்தது. தேசியப் போட்டிகளுக்குச் செல்வோருக்குப் படுக்கை வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் 75 சதவீதம் வரை கட்டணம் குறைக்கப்பட்டது. அந்தச் சலுகை ஆளுக்கே கிடைத்தது. கருவியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் பெருந்தொற்றை ஒட்டிப் பல சலுகைகள் நிறுத்தப்பட்டபோது இதுவும் நின்றது.

சுருங்கிய சாமான் அறை

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. அங்கு உருவான பெட்டிகளுடன் ஓடிய விரைவு ரயில்களின் இரு முனைகளிலும் சாமான் அறையும் கார்டு அறையும் கொண்ட பெட்டிகள் இருந்தன. நீளக் கோலைக் கிடத்த அந்த அறைகளில் இடம் இருந்தது. பிற்காலத்தில் அவற்றின் இடம் 4 டன் அளவில் தனியார் சரக்குக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. பயணியின் சாமானுக்கு மிஞ்சிய இடம் குறைந்தது. 2000-க்குப் பின் வந்த, எல்.எச்.பி. என்னும் புதுவகைப் பெட்டிகள் கொண்ட ரயில்களில் முனைப் பெட்டியின் பெரும்பகுதியை மின்னாக்கி எடுத்துக்கொண்டது. 2019 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலில் சாமான் வண்டியே கிடையாது. ரயில் வேகம் கூடக்கூட, நீளப் பொருளுக்கான இடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது.

காரைக்கால் வட்டாரத்துக்கு இதோடு இன்னொரு இழப்பும் சேர்ந்தது. பேரளம்–காரைக்கால் மீட்டர்கேஜ் பாதை 1980-களின் பிற்பகுதியில் மூடப்பட்டது. அதன் பிறகு பட்டினச்சேரிப் பக்கத்துப் பயணி நெடுந்தூர ரயில் ஏற நாகூருக்கோ நாகப்பட்டினத்துக்கோ மயிலாடுதுறைக்கோ பேருந்தில் போக வேண்டியிருந்தது. பேருந்துக் கூரையில் ஏறாத பொருளை ரயிலடிக்குக் கொண்டுபோவது கடினம். 2011-ல் நாகூரிலிருந்து அகலப்பாதை நீண்டு காரைக்கால் மீண்டும் ரயில் ஊரானது. இப்போது சென்னை, எர்ணாகுளம், மும்பை ஆகிய ஊர்களோடு அதற்கு நேரடி இணைப்பு உண்டு. பேரளம் பாதையும் அகலப்பாதையாகப் புதுப்பிக்கப்பட்டு 2025-ல் சோதனை ஓட்டம் கண்டது. பாதை திரும்பி வந்துவிட்டது. ஆனால் சில நிமிடமே வண்டி நிற்கும் சிறு நிலையங்களில் சாமான் ஏற்றி இறக்க முடியாது. வண்டி மாற வேண்டிய சந்திப்பில் கோலும் ஆளும் பிரிந்துபோகும் அபாயமும் உண்டு. பெரிய நிலையத்திலிருந்து பெரிய நிலையத்துக்கு ஒரே வண்டியில் போகிறவருக்குத்தான் பிரேக் வேன் முழுப் பயன் தரும்.

இன்றைய நிலை

கோலூன்றித் தாண்டுதலில் தமிழகத்துக்கு உயர்ந்த இடம் உண்டு. 2022 அக்டோபரில் குஜராத்தில் நடந்த 36-வது தேசிய விளையாட்டுப் போட்டியில் தமிழக வீராங்கனை ரோசி மீனா பால்ராஜ் 4.20 மீட்டர் தாண்டினார்; சென்னை வீராங்கனை வி.எஸ். சுரேகா 2014-ல் படைத்த 4.15 மீட்டர் தேசியச் சாதனை அதில் வீழ்ந்தது. அதே போட்டியில் எஸ். சிவா 5.31 மீட்டர் தாண்டி ஆண்கள் சாதனையை உயர்த்தினார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் இந்த விளையாட்டு இடம்பெற்ற பிறகு, கோல் சுமந்து பயணம் செய்வோர் தொகையும் கூடியது.

2026 ஜனவரியில் இந்தச் சிக்கல் நாடறியச் செய்தியானது. மங்களூரு அருகே பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தடகளப் போட்டியை முடித்துத் திரும்பிய இரு கோலூன்றி வீரர்கள், கோல்களுடன் பன்வேல் நிலையத்தில் இறக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் தேசியச் சாதனையாளர். பல மணி நேரம் காத்திருந்த பிறகே அவர்களால் பயணத்தைத் தொடர முடிந்தது. பரிசோதகர் விதியைக் காட்டினார்; வீரர்கள் தங்கள் கருவியைக் காட்டினார்கள். இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. கோலைப் பற்றி விதியில் ஒரு சொல்லும் இல்லாததே அன்றைய சிக்கல்.

பிற நாடுகள் இதற்கு எழுத்தில் விடை கண்டுள்ளன. ஜப்பானின் சில ஷின்கான்சென் தடங்களில் 2020 மே முதல், மூன்று பக்க அளவும் சேர்த்து 160 செ.மீ.க்கு மேல் 250 செ.மீ. வரை உள்ள பெட்டிகளுக்கு முன்பதிவு கட்டாயம். விளையாட்டுக் கருவிகளுக்கும் இசைக்கருவிகளுக்கும் அந்த முன்பதிவிலிருந்து விலக்கு உண்டு. பிரான்ஸ் 2021-ல் பிறப்பித்த ஆணை, புதிய ரயில்களிலும் புதுப்பிக்கும் ரயில்களிலும் கழற்றாத சைக்கிள்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது.

இந்திய ரயிலில் இடத்துக்குப் பஞ்சமில்லை. எல்.எச்.பி. பெட்டி ஒன்றின் நீளம் 23 மீட்டருக்கு மேல்; ஒரு கோல் கட்டுக்குத் தேவை 5 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் ஒரு சாண் அகலமும்தான். சாமான் அறையின் சுவரோரம் மூட்டை படாத உயரத்தில் ஒரு கம்பித் தாங்கி, வீரரின் டிக்கெட்டோடு சேர்த்துப் பதிவு செய்யும் வசதி, விளையாட்டுக் கருவிக்கென்று விதியில் ஒரு பிரிவு: இவை மூன்றும் இருந்தால் போதும். 1898-ல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு வந்த சிறிய மீட்டர்கேஜ் வண்டியில்கூடப் பயணியின் பெரிய பொருளுக்கு ஓர் அறை இருந்தது. அந்த அறையை விளையாட்டு வீரர்களுக்குத் திரும்பக் கொடுப்பது ரயில்வேயின் கடமை.