5,200 ஆண்டுகளாக ஒழுகாத கூரை

சிவில் படித்த நண்பர்களுக்கு ஒரு கேள்வி. சிமெண்ட் கிடையாது, கம்பி கிடையாது, இரும்பு உளி கூடக் கிடையாது. அடிக்கடி மழை தூறும் ஊர். ஒழுகாத கூரை போட முடியுமா? (மெக்கானிக்கல்காரர்களும் முயற்சிக்கலாம், ஆட்சேபணை இல்லை!)

போட்டிருக்கிறார்கள். அயர்லாந்தில், பாய்ன் நதிக்கரையில், நியூகிரேஞ்ச் என்னும் இடத்தில், சுமார் கி.மு. 3200-இல். எகிப்தின் பெரிய பிரமிடை விட ஏறத்தாழ 600 ஆண்டுகள் மூத்தது. புதிய கற்கால மக்கள் இறந்தோரின் எலும்புகளை வைத்த இடம். வெளியே பார்த்தால் 85 மீட்டர் அகல மேடு, சுற்றிலும் 97 பெருங்கற்கள். உள்ளே 19 மீட்டர் நடைவழி, அதன் முடிவில் ஓர் அறை. 1699-இல் ரோடு போடக் கல் எடுக்கப் போய்த்தான் வாசல் தெரிந்ததாம். பழைய கல்லைப் பெயர்த்து ரோடு போடுவது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை போலிருக்கிறது.

அறையின் கூரை 6 மீட்டர் உயரம். ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ் வரிசையை விடக் கொஞ்சம் உள்ளே நீட்டி அடுக்கி, உச்சியில் ஒரே கல்லால் மூடிவிட்டார்கள். நீட்டிய கல் உள்ளே சாயாமல் அதன் வால் பகுதியை மேட்டின் கற்குவியல் அமுக்கிப் பிடிக்கிறது. நாம் கான்டிலீவர் என்று படித்தோமே, அதேதான்! கற்களை வெளிப்பக்கம் லேசாகச் சரித்து வைத்ததால் தண்ணீர் வெளியே ஓடிவிடும். நடைவழிக் கூரைக் கற்களின் மேல் வடிகால் பள்ளம் கொத்தி, இடுக்குகளில் சுட்ட மண்ணும் கடல் மணலும் அடைத்திருக்கிறார்கள். அறை இன்றும் ஒழுகுவதில்லை. நான் குடியிருந்த ஒரு குவார்ட்டர்ஸ் இரண்டாவது மழைக்கே வாளி கேட்டது!

அடுத்தது வெளிச்சம். உள்ளே போகப் போகத் தரை சுமார் 2 மீட்டர் உயர்கிறது. அதனால் வாசல் வழியே வரும் வெயில் அறையை எட்டாது. அதற்காகவே வாசலுக்கு மேலே ஒரு சன்னல் வைத்தார்கள். ஆண்டின் மிகக் குறுகிய பகலையொட்டி, டிசம்பர் 21 வாக்கில், சூரியன் உதித்த சில நிமிடங்களில் அந்தச் சன்னல் வழியே கதிர் நுழைந்து அறை வரை போகிறது. சுமார் 17 நிமிடம், அப்புறம் இருட்டு. 1967 டிசம்பரில் பேராசிரியர் ஓ'கெல்லி உள்ளே காத்திருந்து இதைக் கண்டார். மட்டப்பலகை இல்லாமல் இந்த லெவலை எப்படிப் பிடித்தார்களோ!

ஓ'கெல்லி 1962 முதல் 1975 வரை அங்கே அகழ்ந்தவர். முகப்பில் சிதறிக்கிடந்த வெள்ளைக் குவார்ட்ஸ் கற்கள் சரிந்து விழுந்த சுவர் என்று முடிவு செய்தார். அதன்படி பின்னால் கம்பி போட்ட கான்கிரீட் வைத்து நெட்டுச் சுவராக எழுப்பினார்கள். அது சுவரே அல்ல, வாசலில் பரப்பிய தளம் என்று பலர் மறுக்கிறார்கள். பக்கத்திலேயே உள்ள நௌத் மேட்டில் அதே வகைக் கற்களைத் தரையிலேயே விட்டுவிட்டார்கள். எனக்கு நௌத்தில் செய்ததுதான் சரி என்று படுகிறது. கம்பி இல்லாமல் நிற்காத சுவரைக் கம்பியே தெரியாதவர்கள் கட்டினார்கள் என்று சொன்னால் எந்த இன்ஜினியர் ஒப்புக்கொள்வான்?