பொன்னம்பலம் (ஆண்பாற்பெயர்)

பொன்னம்பலம் என்பது தமிழ்ச் சைவக் குடும்பங்களில் ஆண் குழந்தைக்கு இடப்படும் பெயர். கடலூர் மாவட்டம் சிதம்பரத்தில் உள்ள நடராசர் கோயிலின் பொற்சபையைக் குறிப்பது. கடவுளின் பெயரையோ அடியாரின் பெயரையோ இடுவது எங்கும் உள்ள வழக்கம். இங்கே கடவுள் ஆடும் கூடத்தின் பெயரே பிள்ளையின் பெயராகிவிட்டது. இன்று பிறக்கும் குழந்தைகளுக்கு இதை அரிதாகவே வைக்கிறார்கள்.

பொருள்

அம்பலம் என்றால் பலர் கூடும் மன்று. வழக்குப் பேசித் தீர்த்த இடமும் அதுவே. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்ற பழமொழியிலும், மறைத்த செய்தி 'அம்பலமாகிவிட்டது' என்ற பேச்சிலும் அந்தப் பழம்பொருள் இன்னும் இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் ஊர்ப் பெரியவரை அம்பலம் என்பார்கள். கேரளத்தில் அம்பலம் என்றாலே கோயில்தான். சபரிமலைக்கு எதிரே மகரவிளக்குத் தெரியும் குன்று பொன்னம்பலமேடு. சிதம்பரம், அருணாசலம், வேங்கடம் போல இப்பெயரும் ஆண்பால் விகுதி இல்லாமல், இடத்தின் பெயராகவே நின்று ஆளைக் குறிக்கிறது.

கனகசபை என்பது இதன் வடமொழி வடிவம். சபாபதி, சபேசன், அம்பலவாணன், திருச்சிற்றம்பலம் ஆகியவை ஒரே கூரையின்கீழ்ப் பிறந்த பெயர்கள்.

பொன் வேய்ந்த வரலாறு

பெயரில் உள்ள பொன் வெறும் புகழ்ச்சி அன்று. முதலாம் பராந்தக சோழன் (907–955) தில்லை என்னும் சிதம்பரத்து மன்றுக்குப் பொன் வேய்ந்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடும் லெய்டன் செப்பேடும் கூறுகின்றன. அவன் மகன் கண்டராதித்தர் பாடிய திருவிசைப்பாவிலும் அந்தச் செய்தி உண்டு. தகப்பன் செய்த திருப்பணியை மகன் பதிகத்தில் வைத்துப் பாடியது சோழர் வரலாற்றில் நெகிழ வைக்கும் இடங்களுள் ஒன்று. பின்னர் முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் காலங்களில் படைத்தலைவன் நரலோகவீரன் மீண்டும் இங்கே பொற்பணிகள் செய்தான். அவன் புகழைச் சொல்லும் கல்வெட்டுகள் சிதம்பரத்திலும் பண்ருட்டி அருகே திருவதிகையிலும் இருக்கின்றன. கூரையில் 21,600 பொன் ஓடுகள், அவற்றைப் பொருத்த 72,000 ஆணிகள் என்பது கோயில் மரபுக் கணக்கு. ஓடுகள் ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சையும், ஆணிகள் உடலின் நாடிகளையும் குறிக்கும் என்பார்கள்.

கூத்தன் ஆடும் ஐந்து சபைகளில் பொற்சபை தில்லையிலும் வெள்ளிசபை மதுரையிலும் உள்ளன. ரத்தினசபை திருவாலங்காடு, தாமிரசபை திருநெல்வேலி, சித்திரசபை குற்றாலம். இவற்றுள் பிள்ளைப் பெயராகப் பரவியது பொற்சபை ஒன்றே எனலாம். வள்ளலார் 1823இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தபோது அந்த வீட்டு மூத்த பிள்ளையின் பெயர் சபாபதி. 1872இல் அவர் வடலூரில் எழுப்பிய சத்திய ஞானசபைக்குள்ளும் ஒரு சிற்சபை, ஒரு பொற்சபை வைத்தார். அந்த மண்ணில் பிறந்தவருக்குச் சபை என்ற சொல் அவ்வளவு நெருக்கமானது.

பெயர் தாங்கியோர்

கைவல்லிய நவநீதத்துக்கு உரை எழுதிய கோவிலூர் பொன்னம்பல சுவாமிகளை வேதாந்தம் படிப்போர் அறிவர். 1936இல் சென்னை மாகாண முதலமைச்சராகச் சில மாதங்கள் இருந்த பி. டி. ராஜனின் முழுப்பெயர் பொன்னம்பல தியாகராசன். அவர் பேரன் பழனிவேல் தியாகராசனை ஊடகங்கள் அழைக்கும் 'பி.டி.ஆர்.' என்பதன் முதலெழுத்தில் நிற்பதும் அதே பொன்னம்பலம்தான்.

ஆனால் இப்பெயர் பெருவாழ்வு வாழ்ந்தது யாழ்ப்பாணத்தார் நடுவில். போர்த்துக்கீசியர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஞானப்பிரகாசர் வெட்டிய குளம் சிதம்பரத்தில் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. 1864இல் ஆறுமுக நாவலர் அதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். தில்லையோடு இவ்வளவு உறவுள்ள சமூகம் அதன் சபையைப் பிள்ளைகளுக்குப் பெயராக்கியதில் வியப்பில்லை. பொன்னம்பல முதலியார் கொழும்பு கொச்சிக்கடையில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சிவன் கோயில் எழுப்பினார். சுவாமி பெயர் பொன்னம்பலவாணேசுவரர். அதைக் கருங்கல்லில் 1907 முதல் 1912 வரை மறுபடி கட்டியவர் அவர் மகன் பொன்னம்பலம் இராமநாதன். இன்னொரு மகன் பொன்னம்பலம் அருணாசலம். தகப்பன் பெயரை முன்னால் எழுதும் வழக்கத்தால் இருவர் புகழும் தகப்பன் பெயரையும் சேர்த்தே சுமந்தது. 1944இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசைத் தொடங்கிய ஜி. ஜி. பொன்னம்பலத்தின் வழியில் இது குடும்பப் பெயராகவே உறைந்துவிட்டது: மகன் குமார் பொன்னம்பலம், பேரன் கஜேந்திரகுமார் பொன்னம்பலம். புங்குடுதீவு தந்த கவிஞரும் திறனாய்வாளருமான மு. பொன்னம்பலத்தையும் இங்கே சேர்க்க வேண்டும்.

இன்றைய நிலை

தந்தைவழிப் பாட்டன் பெயரை மூத்த பேரனுக்கு வைக்கும் முறை இப்பெயரைப் பல தலைமுறை காத்தது. இரண்டு மூன்று எழுத்துப் பெயர்களை விரும்பும் இன்றைய பெற்றோர் பாட்டன் பெயரைச் சடங்கின்போது பிள்ளையின் காதில் மட்டும் ஓதிவிட்டு, பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் எழுதுகிறார்கள். நீளம் என்று இதைத் தள்ளுவது சரியில்லை. வீட்டில் கூப்பிட 'அம்பலம்' போதும். தில்லைக் கூத்தனை நினைத்து இன்று பெயர் வைப்போர் சபேசன், நடேசன் என்பவற்றையே பெரும்பாலும் எடுக்கிறார்கள்.