பன்னீர் திராட்சையும் பட்டை எண்ணெயும்

போன வருஷம் கம்பத்துல இருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் வந்தேன். கூடவே ரெண்டு கிலோ பன்னீர் திராட்சை. தாம்பரத்தில் இறங்கும்போது பை முழுக்க வாசனை. மறுநாள் எடுத்துப் பார்த்தா, நசுங்கின ஒரு பழத்தைச் சுற்றிப் பூஞ்சை. பாதியைக் குப்பையில் போட்டேன். எனக்கு நூறு ரூபாய் நஷ்டம். லோடு லோடா அனுப்புறவங்களுக்கு? அந்தக் கேள்விதான் இந்த எபிசோடு.

இந்தப் பள்ளத்தாக்கோட பழக் கதை தண்ணியில் ஆரம்பிக்குது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணை, அரபிக் கடலுக்குப் போய்க்கிட்டிருந்த தண்ணியை மலையைக் குடைஞ்சு இந்தப் பக்கம் திருப்பியது. அந்தப் பாசனத்தில் நெல் விளைஞ்சது. பின்னாடி வாழையும் திராட்சையும் பரவின. மகாராஷ்டிரத்தில் வருஷத்துக்கு ஒரு திராட்சை அறுவடை. இங்கே வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பறிப்பு நடக்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சது. ஆனா வருஷம் முழுக்க அறுவடைன்னா, மழையிலும் அறுவடைன்னு அர்த்தம். மெல்லிய தோல், ஈரம், பெட்டிக்குள்ள சூடு. பூஞ்சைக்கு வேற என்ன வேணும்?

இதுக்கு உலகம் கண்டுபிடிச்ச பழைய பதில் கந்தகம். 1920-களில் கலிபோர்னியாவில் திராட்சையை அனுப்புறதுக்கு முன்னாடி கந்தக டை ஆக்சைடு வாயு காட்டும் முறை வந்தது. இன்னைக்கும் ஏற்றுமதிப் பெட்டிகளில் பழத்துக்கு மேல ஒரு தாள் வைப்பாங்க. ஈரம் பட்டா அது மெதுவா அந்த வாயுவை விடும். நல்லாவே வேலை செய்யுது. ஆனா அளவு கூடினா பழம் வெளுத்துடும். ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்ஃபைட் ஒத்துக்காது. 1986-ல் அமெரிக்கா பச்சையா பரிமாறும் காய், பழங்களில் சல்ஃபைட் சேர்ப்பதைத் தடை செய்தது. திராட்சைக்கு மட்டும் தனி வரம்பு வெச்சாங்க: பத்து லட்சத்தில் 10 பங்கு.

அப்போ வேற வழி? பதில் நம்ம அஞ்சறைப் பெட்டியில் இருக்குன்னு சொன்னா சிரிப்பீங்க. ஆனா 2002-ல் இலங்கையின் களனிப் பல்கலைக்கழகத்தில் கிருஷாந்தி அபேவிக்ரம உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதைத்தான் சோதிச்சாங்க. வாழைச் சீப்பை வெட்டின இடத்தில் அழுகல் உண்டாக்கும் பூஞ்சைகள் மேலயும், பழுக்கும்போது தோலில் கரும்புள்ளி போடும் பூஞ்சை மேலயும் பட்டை எண்ணெய், கிராம்பு எண்ணெய். 0.03 முதல் 0.11 சதவீதம் வரையிலான அளவிலேயே பூஞ்சை அடங்கியது. பட்டையில் இருக்கிற சின்னமால்டிஹைடு, கிராம்பில் இருக்கிற யூஜினால் செய்த வேலை அது. அடுத்த கட்டமா எம்புல் வாழையில் முயற்சி செய்தாங்க. எம்புல் வேற ஒண்ணுமில்லை, நம்ம பூவன் ரகம்தான். பட்டை எண்ணெய்க் கலவையும் காற்றைக் கட்டுப்படுத்தும் பையும் சேர்த்து, சுமார் 14 டிகிரி குளிரில் 21 நாள் வரைக்கும் வெச்சிருக்க முடிஞ்சது.

இதைப் படிச்சதும் எனக்கு கம்பம்தான் ஞாபகம் வந்தது. மேலே இடுக்கி மலையில் கிராம்பும் பட்டையும் மிளகும் விளையுது. பக்கத்துப் போடியில் ஏலக்காய் ஏலமே நடக்குது. மருந்து மலையில், நோய் பள்ளத்தாக்கில். அப்புறம் என்ன தயக்கம்?

காரணம் வாசனை. இந்த எண்ணெய்கள் ஆவியாகிறதாலதான் பெட்டியோட மூலைமுடுக்குக்கெல்லாம் போய்ப் பூஞ்சையைத் தொடுது. அதனாலேயே சீக்கிரம் தீர்ந்தும் போயிடுது. போகும்போது பழத்தில் தன் மணத்தை விட்டுட்டுப் போகலாம். பன்னீர் திராட்சை விக்கிறதே மணத்துக்காக. லினலூல், ஜெரானியால் மாதிரியான பொருள்கள் தர்ற மணம் அது. வேடிக்கை என்னன்னா, இதே ஜெரானியால் பூஞ்சையை அடக்கும் சில புல் எண்ணெய்களிலும் இருக்கு. பழத்தில் இருக்கிற அளவு வாசத்துக்குப் போதும், காவலுக்குப் போதாது.

கம்பம் பக்கம் ஒரு தோட்டக்காரர்கிட்ட இதைச் சொன்னேன். "கிராம்பு வாசம் அடிச்சா எவன் தம்பி வாங்குவான்? பழம் கெட்டாலும் கழிவு எனக்கு, வாசம் மாறினாலும் கழிவு எனக்குத்தான்"னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

அதனால எனக்குத் தோன்றுறது இதுதான். இந்தப் பள்ளத்தாக்கில் எண்ணெய் முதலில் நுழைய வேண்டியது வாழைக்குள்ள. தோலை உரிச்சுத் தூக்கிப் போடுறோம், மணமும் பெரும்பாலும் அதோட போயிடும். திராட்சையைத் தோலோட சாப்பிடுறோம். அதுக்கு இன்னும் பொறுமையான சோதனை வேணும். "இயற்கை"ங்கிற ஒரு வார்த்தை மட்டும் போதாது. கிராம்பு எண்ணெயும் அளவு மீறினா தோலைச் சுடும். நசுங்கின பழத்தைப் பொறுக்கி எடுக்கிறது, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி பறிக்கிறது, சீக்கிரம் குளிர வைக்கிறது, இதுக்கெல்லாம் எந்த எண்ணெயும் மாற்று இல்லை.

அடுத்த தடவை பன்னீர் திராட்சை வாங்கினா, நசுங்கினதை முதலில் எடுத்துட்டு மீதியை ஃபிரிட்ஜில் வைங்க. நான் கத்துக்கிட்ட பாடம் அது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.