அத்தியாயம் 1219 (டார்க் ஷேடோஸ்)

அத்தியாயம் 1219 என்பது டார்க் ஷேடோஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1971 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒளிபரப்பான ஓர் அத்தியாயம் ஆகும். தொடரின் 1225 அத்தியாயங்களில் படப்பதிவு கிடைக்காத ஒரே அத்தியாயம் இதுவே. இதன் ஒலி மட்டுமே எஞ்சியுள்ளது.

தொடர்

டான் கர்ட்டிஸ் உருவாக்கிய இத்தொடர், ஏபிசி தொலைக்காட்சியில் சூன் 27, 1966 முதல் ஏப்ரல் 2, 1971 வரை வார நாட்களில் அரை மணி நேரத் தொடராக ஒளிபரப்பானது. மேய்ன் மாநிலத்தில் காலின்ஸ்போர்ட் என்னும் கற்பனை ஊரில் வாழும் காலின்ஸ் குடும்பத்தைப் பற்றியது இதன் கதை. ஏப்ரல் 1967 இல் பார்னபாஸ் காலின்ஸ் என்ற இரத்தக் காட்டேரி அறிமுகமான பின்னரே தொடர் பெரும் புகழ் பெற்றது. அப்பாத்திரத்தில் கனடிய நடிகர் ஜொனாதன் பிரிட் நடித்தார்.

எண்ணிடல்

இறுதி அத்தியாயத்தின் எண் 1245 ஆகும். சிறப்புச் செய்திகள் போன்ற காரணங்களால் தொடர் ஒளிபரப்பாகாத நாட்களில் எண்கள் தாண்டப்பட்டன. வெள்ளிக்கிழமை அத்தியாயத்தின் எண் ஐந்தால் வகுபடவேண்டும் என்பதற்காக இம்முறை பின்பற்றப்பட்டது. எனவே 1219 என்பது ஒளிபரப்பு வரிசையில் 1219 ஆவது அத்தியாயத்தைக் குறிப்பதன்று.

கதைக்களம்

இவ்வத்தியாயம் தொடரின் இறுதிக் கதைப்பகுதியைச் சேர்ந்தது. இப்பகுதி, நிகழ்ந்த வரலாற்றிலிருந்து வேறுபட்ட ஓர் இணை உலகில், 1841 ஆம் ஆண்டில் நடைபெறுகிறது. தலைமுறைக்கு ஒருவர் வீட்டின் பூட்டப்பட்ட அறையில் ஓர் இரவைக் கழிக்கவேண்டும் என்ற சாபம் குடும்பத்தைத் தொடர்கிறது. இதில் பிரிட், பார்னபாசின் மகன் பிராம்வெல்லாகவும் லாரா பார்க்கர் கேத்தரினாகவும் நடித்தனர்.

இழப்பும் மறு உருவாக்கமும்

அக்காலத்தில் வீடியோ நாடாக்களின் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்த நாடாவை அழித்து, அதிலேயே புதிய நிகழ்ச்சியைப் பதிவது பல நிறுவனங்களின் வழக்கம். இதனால் அன்றைய பகல்நேரத் தொடர்கள் பல பெரும்பாலும் அழிந்துபோயின. டார்க் ஷேடோஸ் இதற்கு அரிய விதிவிலக்கு ஆகும். நாடா கிடைக்காத சில அத்தியாயங்களும் கினெஸ்கோப் படிகளாக எஞ்சின. தொலைக்காட்சித் திரையில் ஓடும் காட்சியைத் திரைப்படச் சுருளில் படம்பிடிப்பதே கினெஸ்கோப் முறை. ஆகத்து 1967 முதல் தொடர் வண்ணத்தில் ஒளிபரப்பானபோதும், இப்படிகள் கறுப்பு வெள்ளையிலேயே உள்ளன.

1219 ஆம் அத்தியாயத்திற்கு அத்தகைய படியும் கிடைக்கவில்லை. ஆயினும் நேயர் ஒருவர் தம் வீட்டில் ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்த உரையாடல் கிடைத்தது. அவ்வொலியுடன் பிற அத்தியாயங்களின் காட்சிகளையும் நிலைப்படங்களையும் சேர்த்து, எம்பிஐ நிறுவனம் வெளியிட்ட வீடியோ தொகுப்புக்காக இவ்வத்தியாயம் மறு உருவாக்கம் செய்யப்பட்டது. 2012 இல் சவப்பெட்டி வடிவப் பேழையில் 131 குறுவட்டுகளாக வெளியான முழுத்தொகுப்பிலும் இவ்வடிவமே இடம்பெற்றது.