குதிரையிலிருந்து இறங்கிய மாணவன்

தடை தாண்டி ஓடும் 'ஸ்டீபிள்சேஸ்' பந்தயம் எங்கே பிறந்தது தெரியுமா? நம்மைப் போன்ற கல்லூரிப் பசங்களின் அரட்டையில்தான்!

அயர்லாந்தில் 1752-ல் மாதா கோயில் கோபுரத்தைக் குறிவைத்து, வேலி, ஓடை எல்லாம் தாண்டிக் குதிரை விட்டார்கள். ஸ்டீபிள் என்றால் கோபுரம். பெயர் வந்தது அப்படித்தான்.

1850-ல் ஆக்ஸ்போர்டு எக்ஸிட்டர் கல்லூரி மாணவர்களும் அப்படியொரு குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். தோற்றுத் திரும்பிய ஹாலிஃபாக்ஸ் வயட், இந்தக் குதிரையில் ஏறுவதைவிட ரெண்டு மைல் காலாலேயே ஓடிடலாம் என்று அலுத்துக்கொண்டார். தோழர்கள் விடுவார்களா? சேற்று வயலில் 2 மைல், 24 தடைகள் என்று பந்தயமே வைத்துவிட்டார்கள். வயட்டே ஜெயித்தார்!

1900-ல் அது ஒலிம்பிக்கில் ஏறியது. 1920 முதல் 3,000 மீட்டர். இன்று 28 தடைகள், 7 தண்ணீர்த் தாண்டல்கள். பெண்கள்தான் பாவம், ஒலிம்பிக்கில் 2008 வரை காத்திருந்தார்கள். 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நம் அவினாஷ் சாப்ளே 0.05 விநாடியில் தங்கத்தைத் தவறவிட்டு வெள்ளி வாங்கினார்.

ஒரு விஷயம். இந்தத் தடை, இடித்தால் சாயாது, நாம்தான் விழுவோம். ஆனால் அதன்மேல் கால் ஊன்றிக் கடக்கலாம், விதியில் இடமுண்டு. ஆகவே தொப்பை போட்ட நண்பர்களே, தாவ முடியலையேன்னு உட்கார்ந்துவிடாதீர்கள். ஊன்றியாவது கடப்போம். மைதானத்தில் ஒரு சுற்று, வர்றீங்களா?