வ.உ.சி. துறைமுகமும் ஒரு நகைமுரணும்

தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய கப்பல் கம்பெனி நொடித்துப் போனதும் அதே ஊரில்தான். இதைவிடப் பெரிய நகைமுரண் உண்டா?

1906-ல் தொடங்கியது சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம், ஒரு பங்கு 25 ரூபாய். காலியா, லாவோ என்ற 2 கப்பல்கள் வாங்கப்பட்டன. கொழும்புப் பாதையில் போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. இலவசப் பயணத்தோடு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908-ல் வ.உ.சி. சிறை சென்றார். 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912-ல் விடுதலையான அவர், வறுமையோடு போராடி 1936-ல் தூத்துக்குடியிலேயே மறைந்தார். அவர் கதையைச் சொன்ன 'கப்பலோட்டிய தமிழன்' (1961) படமும் வசூலில் தோற்றது!

மேடைப் பேச்சானாலும் மீம்ஸானாலும், "என்ன முரண் பாருங்கள்" என்று சிரித்துவிட்டுப் போவது இன்றைய பழக்கம். நகைமுரணில் ஒரு வசதி இருக்கிறது. பழியை விதியின் தலையில் போட்டுவிடலாம். ஆனால் அந்தக் கம்பெனியைக் கவிழ்த்தது விதியல்ல. எதிராளியின் பணபலம், அரசின் அடக்குமுறை, நிர்வாகிகளுக்குள் வந்த பூசல் என்று காரணங்கள் எல்லாமே மனிதர்கள் செய்தவை. நஷ்டக் கணக்கைப் படிக்காமல் பெயர்ப்பலகையை மட்டும் வணங்கினால், அடுத்த சுதேசிக் கப்பலும் அப்படித்தான் கவிழும்.